படுக்கையறைக்குத் தடை... சண்டைக்குத் தடையில்லை! ஹாலிவுட் 'ஸ்க்ரூபால்' காமெடி 90 வருடம் கழித்தும் சிரிக்க வைப்பது எப்படி?

கோடீஸ்வரர் வீட்டுப் பெண் ஒருத்தி. வேலை பறிபோன ரிப்போர்ட்டர் ஒருவன். இரவு பஸ்ஸில் ஒரே ஒரு சீட்டுக்காக இரண்டு பேரும் மல்லுக்கட்டுகிறார்கள். படம் முடிவதற்குள் இவர்கள் காதலிப்பார்கள் என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான்.

இன்றைக்கு எந்த மொழி ரொமான்டிக் காமெடியைப் போட்டாலும் இந்தச் சூத்திரம் ஏதோ ஒரு வடிவத்தில் வந்துவிடும். இதைப் பிரபலமாக்கியவை 1930களில் ஹாலிவுட்டில் வந்த 'ஸ்க்ரூபால்' காமெடி படங்கள். கறுப்பு வெள்ளைதான். கிராபிக்ஸ் கிடையாது, பெரிய செட் கிடையாது, முத்தக் காட்சிகூட அரிது. ஆனாலும் இன்றைக்குப் போட்டால் சிரிப்பு வருகிறது. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்க்ரூபால்... அப்படின்னா என்ன?

இது முதலில் சினிமா வார்த்தையே இல்லை. பேஸ்பால் மைதானத்தில் இருந்து வந்தது. பந்து வீசுபவர் வழக்கமாகப் போடும் 'கர்வ்பால்' எந்தப் பக்கம் வளையுமோ, அதற்கு நேரெதிர் பக்கம் வளையும் பந்துதான் ஸ்க்ரூபால். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சொன்னால், கூக்ளி மாதிரி. இந்தப் பக்கம் திரும்பும் என்று பேட்டைக் கொண்டுபோனால், பந்து அந்தப் பக்கம் போய்விடும்.

நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணியின் கார்ல் ஹப்பெல் இந்தப் பந்தில் கில்லாடி. 1934 ஜூலையில் நடந்த ஆல் ஸ்டார் ஆட்டத்தில் பேப் ரூத், லூ கெரிக் உட்பட ஐந்து ஜாம்பவான்களை அடுத்தடுத்து அவுட்டாக்கினார். அதே காலத்தில் அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'ஸ்க்ரூபால்' என்றால் கிறுக்குத்தனமான ஆள் என்றும் அர்த்தம் இருந்தது.

இரண்டு அர்த்தமும் இந்தப் படங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தின. கதாபாத்திரங்கள் கொஞ்சம் கழன்ற கேஸ். கதையோ, எந்தப் பக்கம் திரும்பும் என்றே சொல்ல முடியாது.

ஒரு படத்தை ஸ்க்ரூபால் என்று சொல்ல பொதுவாகச் சில அடையாளங்கள் உண்டு:

* எதிரும் புதிருமான ஒரு ஜோடி. பெரும்பாலும் ஒருவர் பணக்காரர், இன்னொருவர் உழைத்துச் சாப்பிடுபவர்.
* மூச்சுவிடாத வேகத்தில் வசனம். ஒருவர் பேசி முடிப்பதற்குள் அடுத்தவர் தொடங்கிவிடுவார்.
* ஆணைவிட ஒரு படி சாமர்த்தியமான பெண்.
* ஆள்மாறாட்டம், பொய், அதை மறைக்க இன்னொரு பொய்.
* கோட் சூட் போட்ட கனவான்கள் தடுக்கி விழுவது, சேற்றில் சிக்குவது.

மூன்று காரணங்கள் ஒன்றுசேர்ந்த நேரம்

ஸ்க்ரூபால் காமெடியின் பொற்காலம் சுமார் 1934 முதல் 1942 வரைதான். குறிப்பாக அந்த நேரத்தில் ஏன் வந்தது? மூன்று விஷயங்கள் ஒரே சமயத்தில் கூடிவந்தன.

முதலாவது, பேசும் படம். 1927-ல் 'தி ஜாஸ் சிங்கர்' வந்த பிறகு மௌனப் படங்களின் காலம் வேகமாக முடிந்தது. இப்போது நடிகர்கள் பேச வேண்டும். அந்தப் பேச்சை எழுத ஆள் வேண்டும். நியூயார்க் நாடக மேடைகளிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் இருந்த எழுத்தாளர்களை ஹாலிவுட் அள்ளிக்கொண்டு வந்தது. பென் ஹெக்ட் போன்றவர்கள் நிருபர்களாக இருந்து வந்தவர்கள். அவர்களுடைய நக்கலும் வேகமும் அப்படியே திரைக்கு வந்தன.

இரண்டாவது, பொருளாதாரப் பெருமந்தம். 1929-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. 1933 வாக்கில் நான்கு தொழிலாளர்களில் சுமார் ஒருவருக்கு வேலை இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில், மாளிகையில் இருக்கும் பணக்காரர்கள் எவ்வளவு முட்டாள்தனமாக நடந்துகொள்கிறார்கள் என்று காட்டினால் தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கும்? சிரிப்போடு ஒரு சின்ன திருப்தியும் கிடைக்கும்.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். தணிக்கை.

ஹேஸ் விதி செய்த எதிர்பாராத உதவி

படங்களில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று ஹாலிவுட் தயாரிப்பாளர்கள் 1930-லேயே ஒரு விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டார்கள். அமைப்பின் தலைவர் வில் ஹேஸ் என்பதால் அதற்கு 'ஹேஸ் விதி' என்று பெயர். முதல் நான்கு வருடம் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1934 ஜூலையில் ஜோசப் ப்ரீன் என்பவர் தலைமையில் கெடுபிடி தொடங்கியது. அவருடைய அலுவலகத்தின் முத்திரை இல்லாமல் பெரிய ஸ்டுடியோ படம் வெளியாக முடியாத நிலை வந்தது.

காமவெறியோடு நீளும் முத்தம் கூடாது. கள்ளக்காதலைக் கவர்ச்சியாகக் காட்டக் கூடாது. கல்யாணத்தின் புனிதத்தைக் காப்பாற்ற வேண்டும். படுக்கையறைக் காட்சி என்றாலே கத்தரிக்கோல் தயாராக இருக்கும்.

சரி, அப்படியானால் ஒரு ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்புவதை எப்படிக் காட்டுவது?

சண்டை போட வைப்பது! இதுதான் ஸ்க்ரூபால் கண்டுபிடித்த வழி. வாய்ச்சண்டைக்கு விதியில் தடை இல்லை. ஒருவர் வாயை இன்னொருவர் அடைப்பது, மடக்குவது, துரத்துவது, ஏமாற்றுவது எல்லாமே அனுமதி. தொடுவதற்கு வழியில்லாத ஆசை முழுக்க பேச்சில் இறங்கியது. அதனால்தான் இந்தப் படங்களில் காதல் வசனத்தைவிடத் திட்டு வசனம் சூடாக இருக்கும்.

இன்னொரு விளைவும் உண்டு. சண்டை சுவாரஸ்யமாக இருக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் பலம் சமமாக இருக்க வேண்டும். ஒருவர் அடிக்க, இன்னொருவர் அழுதுகொண்டு நின்றால் அது காமெடி இல்லை. ஆகவே கதாநாயகிக்கும் நாயகனுக்கு இணையான வசனம், இணையான மூளை, இணையான திமிர் கொடுத்தே தீர வேண்டியிருந்தது. ஒழுக்கத்தைக் காப்பாற்ற வந்த தணிக்கை, கெட்டிக்காரக் கதாநாயகிகளுக்குக் கதவு திறக்க உதவியது என்பது வேடிக்கையான உண்மை.

சின்ன கம்பெனி, ஐந்து ஆஸ்கர்

இந்த வழியை முதலில் பெரிய அளவில் காட்டிய படம், ப்ரீனின் கெடுபிடிக்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிட்டது. 1934 பிப்ரவரியில் வெளியான 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்'. இயக்கம் ஃப்ராங்க் காப்ரா, திரைக்கதை ராபர்ட் ரிஸ்கின். கொலம்பியா அப்போது பெரிய ஸ்டுடியோக்களோடு போட்டி போட முடியாத சின்ன கம்பெனி.

நாயகன் கிளார்க் கேபிளை எம்.ஜி.எம். ஸ்டுடியோவிடம் இருந்து கடனாக வாங்கினார்கள். நாயகி க்ளாடெட் கோல்பெர்ட்டுக்குக் கதை பிடிக்கவில்லை. நான்கு வாரத்தில் முடிக்க வேண்டும், 50,000 டாலர் வேண்டும் என்று நிபந்தனை போட்டு நடித்தார். அது அவர் வழக்கமாக வாங்கும் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு.

கதை சுலபம். அப்பாவுக்குப் பிடிக்காத கல்யாணத்தைச் செய்துகொண்ட கோடீஸ்வரப் பெண் எல்லி, அப்பாவின் படகில் இருந்து கடலில் குதித்துத் தப்பிக்கிறாள். நியூயார்க்கில் இருக்கும் கணவனிடம் போக பஸ் ஏறுகிறாள். அங்கே ரிப்போர்ட்டர் பீட்டரைச் சந்திக்கிறாள். அவனுக்கு ஒரு பரபரப்பு ஸ்டோரி தேவை. அவளுக்கு ஒரு வழித்துணை தேவை.

மழையால் வழியில் ஒரு விடுதி அறையில் இரவு தங்க வேண்டிய நிலை. இரண்டு கட்டிலுக்கும் நடுவே பீட்டர் ஒரு கயிற்றைக் கட்டி போர்வையைத் தொங்கவிடுகிறான். பைபிளில் வரும் எரிகோ நகரத்து மதில் என்று அதற்குப் பெயரும் வைக்கிறான். அந்தப் போர்வைதான் படத்தின் மையம். நடுவில் ஒரு துணி தொங்குவதாலேயே அந்த அறையில் இருக்கும் பதற்றம் பார்ப்பவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் காலை அப்பா அனுப்பிய துப்பறியும் ஆட்கள் கதவைத் தட்டுகிறார்கள். தப்பிக்க ஒரே வழி, கணவன் மனைவியாக நடிப்பது. எப்படி நடிக்கிறார்கள் தெரியுமா? கொஞ்சிக் குலாவி இல்லை. கத்திக் கூச்சல் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள்! வந்தவர்கள் இது நிஜத் தம்பதிதான் என்று நம்பித் திரும்பிப் போகிறார்கள். ஸ்க்ரூபால் காமெடி மொத்தத்தையும் ஒரே காட்சியில் விளக்கச் சொன்னால் இதைக் காட்டினால் போதும்.

பிறகு ரோட்டில் லிஃப்ட் கேட்கும் காட்சி. கட்டை விரலை எப்படி ஆட்டினால் கார் நிற்கும் என்று பீட்டர் பெரிய வகுப்பே எடுக்கிறான். ஒரு வண்டியும் நிற்கவில்லை. எல்லி ரோட்டோரம் போய் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்குகிறாள். முதல் காரே பிரேக் போடுகிறது. வாத்தியாருக்கு வாய் அடைத்துப் போகிறது.

1935 பிப்ரவரியில் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என ஐந்து முக்கிய விருதுகளையும் இந்தப் படமே அள்ளியது. அப்படி நடந்தது அதுவே முதல் முறை. விருது கிடைக்காது என்று நினைத்த கோல்பெர்ட் ரயில் ஏறக் கிளம்பியிருந்தார். ஸ்டேஷனில் இருந்து அவசரமாக அழைத்து வரப்பட்டு, பயண உடையிலேயே விருதை வாங்கினார்.

விவாகரத்து ஜோடிகள் ஏன் இவ்வளவு?

இந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். நிறைய ஜோடிகள் ஏற்கெனவே கல்யாணமானவர்கள். பிரிந்துவிட்டு, மறுபடி சேருகிறார்கள். தத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி காவெல் 1981-ல் எழுதிய நூலில் இந்த வகைக்கு 'மறுமணக் காமெடி' என்றே பெயர் கொடுத்தார்.

இதற்கும் தணிக்கைக்கும் தொடர்பு உண்டு. கல்யாணம் ஆகாதவர்கள் ஒரே வீட்டில் இரவு தங்கினால் கத்தரிக்கோல் வரும். ஆனால் விவாகரத்து இன்னும் முழுதாக முடியாத கணவன் மனைவி தங்கினால்? சட்டப்படி அவர்கள் தம்பதிதானே!

லியோ மெக்கேரி இயக்கிய 'தி ஆஃபுல் ட்ரூத்' (1937) இந்தச் சந்தில்தான் சிந்து பாடுகிறது. கேரி கிராண்டும் ஐரீன் டன்னும் கணவன் மனைவி. ஒருவர் மீது ஒருவருக்குச் சந்தேகம். கோர்ட்டுக்குப் போகிறார்கள். விவாகரத்து அமலுக்கு வர 90 நாள். அதற்குள் வீட்டு நாய் யாருக்கு என்று வழக்கு. நாயே முடிவு செய்யட்டும் என்கிறார் நீதிபதி. மனைவி நாய்க்குப் பிடித்த பொம்மையைக் கைக்குள் மறைத்து வைத்துக் காட்டி ஜெயித்துவிடுகிறாள். நாயைப் பார்க்க வருகிறேன் என்ற சாக்கில் கணவன் வீட்டுக்கு வந்துபோகிறான். யாரைப் பார்க்க வருகிறான் என்பது நாய்க்குக்கூடத் தெரியும்.

கடைசி இரவு. நள்ளிரவு 12 மணிக்கு விவாகரத்து அமலாகிவிடும். மலை வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் இருவரும். நடுவே சரியாக மூடாத ஒரு கதவு. மேலே கடிகாரம். எதையும் காட்டாமலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது படம். மெக்கேரிக்கு இதற்காகச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் கிடைத்தது.

கொசுறு தகவல்: அந்த நாயாக நடித்தது ஸ்கிப்பி. 'தி தின் மேன்' படத்திலும் 'பிரிங்கிங் அப் பேபி' படத்திலும் வருவது இதே ஸ்கிப்பிதான்.

ஒரே நேரத்தில் நாலு பேர் பேசினால்?

வசன வேகத்தில் உச்சம் என்றால் 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940). பென் ஹெக்ட்டும் சார்ல்ஸ் மெக்ஆர்தரும் எழுதிய 'தி ஃப்ரன்ட் பேஜ்' என்ற 1928 நாடகம்தான் மூலம். நாடகத்தில் எடிட்டரும் ரிப்போர்ட்டரும் ஆண்கள். இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் ரிப்போர்ட்டரைப் பெண்ணாக மாற்றினார். அதோடு விடாமல், எடிட்டரின் முன்னாள் மனைவியாகவும் ஆக்கினார். அந்த ஒரு மாற்றத்தில் பத்திரிகைக் கதை காதல் கதையாகிவிட்டது.

ரிப்போர்ட்டர் ஹில்டியாக ரோசலிண்ட் ரஸல். வேலையை விட்டுவிட்டு, ஒரு சாதுவான இன்ஷூரன்ஸ்காரரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக எடிட்டரிடம் சொல்ல வருகிறாள். எடிட்டராக கேரி கிராண்ட். அவளை விட அவனுக்கு மனசில்லை. மனைவியாகவா, நல்ல ரிப்போர்ட்டராகவா என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது.

ஹாக்ஸ் ஒரு உத்தி செய்தார். வசனங்களின் தொடக்கத்திலும் முடிவிலும் முக்கியமில்லாத வார்த்தைகளைப் போட்டு எழுத வைத்தார். அடுத்தவர் அந்த வார்த்தைகள் மேல் ஏறிப் பேசினாலும் விஷயம் காதில் விழும். நிஜத்தில் வீட்டில், ஆபீஸில் எல்லோரும் பேசுவது அப்படித்தானே? தன் வசனம் கிராண்டின் வசனத்துக்கு ஈடாக இருக்க வேண்டும் என்று ரஸல் தன் சொந்தக் காசில் ஒரு எழுத்தாளரை வைத்து வரிகளை மெருகேற்றினார் என்பது அவரே தன் சுயசரிதையில் சொன்ன விஷயம். சமபலம் என்பது கதையில் மட்டும் இல்லை, செட்டிலும் நடந்த போட்டி.

சிரிப்புக்கு நடுவே ஓடும் கதை சாதாரணமானது இல்லை. ஒரு மனிதன் தூக்குமேடைக்குக் காத்திருக்கிறான். தேர்தல் வருவதால் மேயரும் ஷெரிஃபும் அவசரமாக அவனைத் தூக்கில் போடப் பார்க்கிறார்கள். தண்டனையை நிறுத்தும் உத்தரவு வந்தும் அதை மறைக்கிறார்கள். ரிப்போர்ட்டர்களோ சீட்டாடிக்கொண்டே செய்தி அனுப்புகிறார்கள். நெஞ்சை அடைக்கும் விஷயத்தை மூச்சு வாங்காமல் சொல்வதால்தான் அந்தக் காமெடி இன்றைக்கும் கூர் மழுங்காமல் இருக்கிறது.

பெண் ஓட்ட, ஆண் தடுமாற...

'பிரிங்கிங் அப் பேபி' (1938) படத்தில் வரும் 'பேபி' குழந்தை இல்லை. சிறுத்தை! இதுவும் ஹாக்ஸ் படம். கேரி கிராண்ட் இதில் கண்ணாடி போட்ட அப்பாவி விஞ்ஞானி. டைனோசர் எலும்புக்கூட்டை நான்கு வருடமாகக் கோத்துக்கொண்டிருக்கிறார். கடைசி ஒரே ஒரு எலும்புதான் பாக்கி. மறுநாள் கல்யாணம். மியூசியத்துக்குப் பத்து லட்சம் டாலர் நன்கொடை வேறு வரவேண்டும்.

அப்போது கோல்ஃப் மைதானத்தில் வந்து சேருகிறாள் சூசன், அதாவது கேத்தரின் ஹெப்பர்ன். இவருடைய பந்தை எடுத்து அடிக்கிறாள். இவருடைய காரை எடுத்து ஓட்டுகிறாள். பிறகு இவருடைய வாழ்க்கையையே ஓட்டிக்கொண்டு போகிறாள். நாய் அந்த எலும்பைத் தூக்கிக்கொண்டு போய் எங்கேயோ புதைக்கிறது. சாதுவான சிறுத்தை எது, சர்க்கஸில் இருந்து தப்பிய ஆபத்தான சிறுத்தை எது என்று தெரியாமல் ஊரே அல்லாடுகிறது.

இந்தச் சிரிப்பின் ரகசியம், சூசன் தப்பு செய்கிறோம் என்று ஒரு நொடிகூட நினைக்காததுதான். அவளுடைய உலகத்தில் எல்லாமே நியாயம். நியாயமான மனிதரான விஞ்ஞானிதான் பைத்தியம் மாதிரி தெரிவார். ஒழுங்காக, பெட்டி கட்டினாற்போல் இருக்கும் வாழ்க்கையைத்தான் இந்தப் படங்கள் அடித்து நொறுக்குகின்றன. அந்த அமளிக்குப் பிறகுதான், இதுவரை நாம் வாழவே இல்லையே என்று அந்த மனிதருக்கு உறைக்கிறது.

ஆச்சரியம் என்னவென்றால், இன்று கொண்டாடப்படும் இந்தப் படம் வெளியானபோது நஷ்டம். அதே வருடம் தியேட்டர் உரிமையாளர்கள் அமைப்பு ஒன்று 'பாக்ஸ் ஆபீஸ் விஷம்' என்று முத்திரை குத்திய நட்சத்திரங்களில் ஹெப்பர்னும் ஒருவர். அவர் மேடை நாடகத்துக்குப் போனார். 'தி ஃபிலடெல்பியா ஸ்டோரி' நாடகத்தில் நடித்து, அதன் சினிமா உரிமையையும் கையில் வைத்துக்கொண்டு, 1940-ல் அதே கதையோடு ஹாலிவுட்டுக்குத் திரும்பினார். படம் பெரிய வெற்றி.

'தி லேடி ஈவ்' (1941) இன்னொரு ரகம். இயக்கம் ப்ரெஸ்டன் ஸ்டர்ஜஸ். பார்பரா ஸ்டான்விக் கப்பலில் சீட்டாடி ஏமாற்றும் பெண். ஹென்றி ஃபோண்டா பாம்பு ஆராய்ச்சி செய்யும் பணக்காரப் பையன். காதல் வருகிறது. அவள் யார் என்று தெரிந்ததும் அவன் கைவிடுகிறான். அவள் சும்மா விடுவாளா? இங்கிலாந்துப் பிரபுக் குடும்பப் பெண் என்ற பெயரில் அவன் வீட்டுக்கே வருகிறாள். முகத்தைக்கூட மாற்றவில்லை. அவனோ, இவ்வளவு ஒரே மாதிரி இருந்தால் நிச்சயம் அவளாக இருக்க முடியாது என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொள்கிறான்! படம் முழுக்க தடுக்கி விழுவது அவன்தான்.

பணக்காரர்களைக் கிண்டல் செய்தார்களா, காப்பாற்றினார்களா?

இங்கேதான் ஒரு நியாயமான கேள்வி வருகிறது. 'மை மேன் காட்ஃப்ரே' (1936) படத்தை எடுத்துக்கொள்வோம். பணக்காரர்கள் ஒரு விளையாட்டு நடத்துகிறார்கள். விசித்திரமான பொருட்களைத் தேடிக் கொண்டுவர வேண்டும். பட்டியலில் ஒன்று, 'மறக்கப்பட்ட மனிதன்'. அதாவது வேலையும் வீடும் இழந்து தெருவில் நிற்கும் ஒரு ஆள். நியூயார்க் குப்பைமேட்டில் வசிக்கும் காட்ஃப்ரேவை அப்படித்தான் 'பொருளாக' அழைத்துப் போகிறார்கள். கரோல் லொம்பார்ட் நடித்த இளைய மகள் ஐரீன் அவரைத் தங்கள் வீட்டு பட்லராக வேலைக்கு வைக்கிறாள்.

அந்த முதல் பதினைந்து நிமிடம் இன்றைக்கும் சுரீர் என்று குத்தும். ஆனால் பிறகு தெரியவருவது என்ன? காட்ஃப்ரேவும் பாஸ்டன் நகரத்துப் பெரிய வீட்டுப் பிள்ளைதான். குப்பைமேட்டு மனிதர்களுக்கு வேலை தர அவர் செய்யும் ஏற்பாடு, அதே இடத்தில் ஒரு நைட் கிளப் கட்டுவது! பசியைப் பற்றித் தொடங்கிய படம் கல்யாணத்தில் முடிகிறது.

ஸ்க்ரூபாலின் எல்லை இதுதான் என்கிறார்கள் விமர்சகர்கள். வர்க்கச் சண்டையைத் தொடுகிறது, பிறகு தாலி கட்டித் தீர்த்துவைக்கிறது. கறுப்பின நடிகர்களுக்குப் பெரும்பாலும் வேலையாள், போர்ட்டர் வேடம் மட்டுமே கிடைத்தது. சமத்துவம் பேசும் படங்களிலும் கடைசிக் காட்சியில் சறுக்கல் உண்டு. 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' முடியும்போது தேனிலவு ரத்தாகி, இருவரும் அடுத்த செய்தியைத் தேடி ஓடுகிறார்கள். எடிட்டர் கை வீசி முன்னால் போக, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது ஹில்டி.

ஆனாலும் 80 நிமிடம் சமமாக மோதிய பெண்ணைக் கடைசி இரண்டு நிமிடத்தால் அழித்துவிட முடியாது. பார்வையாளர் மனதில் தங்குவது அந்த 80 நிமிடம்தான்.

'மை மேன் காட்ஃப்ரே' பற்றி இன்னொரு தகவல். நாயகன் வில்லியம் பவலும் லொம்பார்ட்டும் நிஜத்தில் கல்யாணம் செய்து 1933-ல் விவாகரத்தானவர்கள். முன்னாள் மனைவியே இந்த வேடத்துக்குச் சரி என்று சிபாரிசு செய்தவர் பவல்! நடிப்புக்கான நான்கு பிரிவுகளிலும் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் படம் இது. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

பனியன் விற்பனை சரிந்தது உண்மையா?

'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' படத்தில் கேபிள் சட்டையைக் கழற்றும்போது உள்ளே பனியன் இருக்காது. அதைப் பார்த்து அமெரிக்க ஆண்கள் பனியன் வாங்குவதையே நிறுத்தினார்கள், கம்பெனிகள் ஆடிப்போயின என்று ஒரு கதை பல பத்தாண்டுகளாகச் சுற்றுகிறது. சுவையான கதைதான். ஆனால் அதை நிரூபிக்கும் விற்பனைக் கணக்கு எதுவும் இல்லை.

எப்படி முடிந்தது? இந்தியாவுக்கு எப்படி வந்தது?

1941 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. நாட்டின் மனநிலை மாறியது. மாளிகைக் கிறுக்குகளைப் பார்த்துச் சிரிக்கும் சூழல் இல்லை. 1942 ஜனவரியில் போர் நிதிப் பத்திரங்கள் விற்கும் நிகழ்ச்சியை முடித்துத் திரும்பிய கரோல் லொம்பார்ட் விமான விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 33. ஸ்டர்ஜஸ் இன்னும் சில வருடம் இழுத்துப்பிடித்தார். பிறகு அந்த அலை ஓய்ந்தது. ஹேஸ் விதியும் 1968-ல் போய், வயது வாரியான தரச்சான்று முறை வந்தது.

ஆனால் சூத்திரம் சாகவில்லை. 'பிரிங்கிங் அப் பேபி' பாணியில் பீட்டர் போக்டனோவிச் 1972-ல் எடுத்த 'வாட்ஸ் அப், டாக்?' பெரிய ஹிட். அதற்கு முன்பே இந்தியாவுக்கும் வந்துவிட்டது. 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' கதைதான் ராஜ் கபூர், நர்கிஸ் நடித்த 'சோரி சோரி' (1956). மறுபடி 1991-ல் ஆமிர் கான், பூஜா பட் நடிக்க 'தில் ஹை கே மான்தா நஹீன்'. அந்த இந்திப் படம் தமிழில் 'காதல் ரோஜாவே' (2000) ஆனது. இந்தியச் சினிமாவும் முத்தக் காட்சிக்குத் தயங்கிய சினிமா என்பதால், சண்டையில் தொடங்கும் காதல் இங்கே சுலபமாக வேர் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

முதல் முறை பார்க்கிறீர்களா? இந்த வரிசையில் தொடங்கலாம்

1. 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்': கதை எளிது, வசன வேகமும் மிதம். பழகுவதற்கு நல்ல தொடக்கம்.
2. 'தி ஆஃபுல் ட்ரூத்': விவாகரத்து, நாய், கடிகாரம். குடும்பத்தோடு பார்த்தாலும் சங்கடம் இல்லை.
3. 'தி லேடி ஈவ்': ஏமாற்றுக்காரி ஜெயிக்க வேண்டும் என்று நீங்களே வேண்டிக்கொள்வீர்கள்.
4. 'பிரிங்கிங் அப் பேபி': லாஜிக்கை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும்.
5. 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே': சப்டைட்டில் அவசியம். அமெரிக்காவில் இந்தப் படத்தின் காப்புரிமை புதுப்பிக்கப்படாததால் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும்.

பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக முடிந்துவிடும் படங்கள்தான். ஒரு சின்ன யோசனை: முதல் பத்து நிமிடம் வசனத்தைப் பிடிக்க முடியவில்லையே என்று போனை வைத்துவிட வேண்டாம். காதுக்கு அந்த வேகம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும். பிடிபட்ட பிறகு ஒரு விஷயம் புரியும். இந்த ஜோடிகள் ஒருவர் பேசுவதை இன்னொருவர் ஒரு வார்த்தைகூட விடாமல் கேட்கிறார்கள். இல்லாவிட்டால் இவ்வளவு வேகமாகப் பதிலடி கொடுக்க முடியாது. தணிக்கைக்காரர்களின் கத்தரிக்கோலில் சிக்காமல் தப்பிய காதல் காட்சி அதுதான்.